குமரவேலு பார்த்த ரங்கூன்

"ரங்கூன்ல ஒரு டீக்கடையில போய் உக்காந்தா, முதல்ல என்னய்யா கொண்டாந்து வைப்பான்?"

வைத்திலிங்கம் சார் இப்படிக் கேட்டதும் குமரவேலு கையில் இருந்த இட்லித் துண்டு சாம்பாருக்குள்ளேயே விழுந்துவிட்டது. சுரங்கத்துக் கேன்டீனில் சுற்றிலும் ஆட்கள். கேட்டவரோ சூப்பர்வைசர்.

"டீ சார்" என்றான்.

"டீக்கடையில டீ வைப்பான்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னாடி?"

"தண்ணி?"

வைத்திலிங்கத்தின் முகம் வாடிவிட்டது. "நல்லா யோசிச்சு நாளைக்குச் சொல்லு. ஷிப்ட் இன்சார்ஜ் ஆகப்போற ஆளு, பாத்ததை இப்படி மறந்துட்டு நிக்கலாமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

குமரவேலு மீதி இட்லியைத் தொடாமல் தட்டைத் தள்ளி வைத்தான். அதற்குக் காரணம் இருந்தது.

கொரோனாவுக்கு முந்திய வருடம் அது. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலை. விபத்தில்லாமல் வருடம் முடிந்தால் கம்பெனி ஓர் ஆளை பர்மாவுக்கு அனுப்பும். முதலாளியின் மைத்துனர் ரங்கூனிலும் மாண்டலேயிலும் ஓட்டல் நடத்தியதால் வந்த தாராளம் இது. ரூம் இலவசம், ஊர் சுற்றுவதும் சாப்பிடுவதும் அவரவர் சாமர்த்தியம். போன வருடம் வைத்திலிங்கம் போய் வந்தார். அதிலிருந்து யார் கேட்டாலும், "ரங்கூனா? அதெல்லாம் வாயால சொல்ல முடியாதுய்யா, அனுபவிக்கணும்" என்று கண்ணை மூடிக்கொள்வார். இந்த வருடம் குமரவேலுவின் பெயர் வந்தது. போய்விட்டு வந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

ஷிப்ட் இன்சார்ஜ் பதவிக்கு யார் பெயரைச் சொல்வது என்பதும் வைத்திலிங்கத்தின் கையில்தான் இருந்தது. அது கிடைத்தால் நைட் ஷிப்டைத் தலைமுழுகிவிடலாம். குமரவேலுவின் மனைவி மலர்விழி இதற்காக மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

சிக்கல் என்னவென்றால், குமரவேலு பர்மாவில் ஒன்றையும் பார்க்கவில்லை.

முழுப் பழியையும் அவன் தலையில் போட முடியாது. முதல் நாளே ரங்கூனின் பெரிய தங்கக் கோபுரத்துக்குக் கிளம்பியவன்தான். மச்சான் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பைப் படியோரம் விட்டுவிட்டு மேலே ஏறினான். இறங்கும்போதுதான் தெரிந்தது, கோயிலுக்கு நாலு பக்கமும் வாசல், நாலும் பார்க்க ஒரே மாதிரி. செருப்பைத் தேடி ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். உச்சி வெயிலில் சலவைக்கல் சுட்டு உள்ளங்கால் கொப்பளித்துப் போனது. ஊர் உலகமே அண்ணாந்து பார்த்துக் கும்பிடுகிற கோபுரத்தை, தரையையே பார்த்தபடி சுற்றி வந்த ஒரே ஆள் அவன்தான். செருப்பும் கிடைக்கவில்லை.

சாப்பாட்டிலாவது தேறினானா என்றால் அதுவும் இல்லை. மார்கழி மாதம், கவுச்சி ஆகாது. ரங்கூனில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் கருவாட்டு வாசனை வந்தது. எதில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பாஷையும் இல்லை. பேசாமல் ரூமுக்குத் திரும்பி, மலர்விழி கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சலை ஓட்டல் சோற்றில் பிசைந்து சாப்பிட்டே நாளை ஓட்டினான். மாண்டலேயிலும் அதே கதைதான். அங்கே ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நல்ல தொட்டிதான். ஆனால் தொட்டியைப் பற்றி மனுஷன் எவ்வளவு நேரம் பேச முடியும்?

"நெசத்தச் சொல்லிடட்டுமா மலரு?" என்றான் அன்று சாயங்காலம், நெய்வேலியை ஒட்டிய வடக்குத்தில் இருந்த தன் வீட்டில்.

"சொல்லிட்டு? ரங்கூன்ல ரோட்டத் தாண்ட பயந்தவன் இங்க கன்வேயர ஓட்டுவானான்னு கேப்பாரு. கம்முனு போனை எடுத்துப் பாருங்க. எவனாவது ஒருத்தன் எல்லாத்தையும் வீடியோ புடிச்சுப் போட்டுகினுதான் இருக்கான்."

மறுநாள் கேன்டீனில் குமரவேலு தலை நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"உக்காந்த உடனே மேசையில ஒரு பிளாஸ்க் நிறைய வெறும் டீ இருக்கும் சார், அது ஓசி. நாம கேக்காமயே சமோசா, வடைன்னு தட்டுத் தட்டா கொண்டாந்து பரப்பிடுவான். எத்தனை தின்னோமோ அத்தனைக்கு மட்டும் காசு."

"கரெக்ட்!" வைத்திலிங்கம் மேசையில் தட்டினார். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்புறம்?"

அப்புறம் என்ன? வீடியோ அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் மேசையைத் தட்டிப் பாராட்டுகிற மேலதிகாரியிடம் 'அவ்வளவுதான்' என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

"அப்புறம் சாயங்காலம் ஒரு சூப்பு குடுப்பாங்க சார். பனங்கிழங்கு சூப்பு. மேல முருங்கப்பூ தூவி."

முந்தின நாள் குள்ளஞ்சாவடி கடைத்தெருவில் பனங்கிழங்கு பார்த்திருந்தான். முருங்கை அவன் வீட்டுக் கொல்லையில் இருந்தது. சூப்பு அங்கேயே அந்த நொடியில் பிறந்தது.

வைத்திலிங்கம் மெல்லக் கண்ணை மூடினார். "அந்தச் சூப்பு... இன்னும் நாக்குலயே நிக்குதுய்யா."

குமரவேலுவுக்கு வியர்த்துவிட்டது. தான் கட்டிவிட்ட சூப்பை இவர் எந்தக் கடையில் குடித்தார்?

வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னதும் மலர்விழிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "உங்கள ஆழம் பாக்குறாருங்க. ஆமாம் ஆமாம்னு சொல்லி முழுசா உள்ள எறங்க வுட்டு, அப்பாலிக்கா கதவ சாத்துவாரு. இனிமே கைச்சரக்கு ஒண்ணும் சேக்காதீங்க. வீடியோல இருக்கறத மட்டும் சொல்லுங்க."

பெண்டாட்டி பேச்சைத் தட்டாத புருஷன் அவன். அன்று ராத்திரி நன்றாகப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டு வீடியோவில் சரிபார்த்துக்கொண்டு, மறுநாள் அப்படியே ஒப்பித்தான்.

"அங்க சப்ளையர வாய் திறந்து கூப்புட மாட்டாங்க சார். உதட்டக் குவிச்சு, முத்தம் குடுக்கற மாதிரி சத்தம் வுடுவாங்க. உடனே ஓடியாருவான்."

பாவம், அவன் சொன்னதிலேயே கலப்படமில்லாத உண்மை இதுதான். உண்மைக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை.

"அட ஆமாய்யா! நான்கூட அப்படித்தானே கூப்புடுவேன்! இதோ, இப்படித்தானே?"

வைத்திலிங்கம் உதட்டைக் குவித்து ஓங்கி ஒரு சத்தம் விட்டார். கடைசி மேசை வரைக்கும் கேட்டது. சரியாக அந்த நேரம் சாம்பார் வாளியோடு அவரைத் தாண்டிக்கொண்டிருந்தாள் கேன்டீன் சந்திரா. நின்றாள். திரும்பினாள்.

"யாரப் பாத்து சார் இது?"

"உன்னை இல்லம்மா சந்திரா. இது ரங்கூன்ல..."

"இது ரங்கூன் இல்ல, மைன்ஸு கேன்டீனு! பேரப்புள்ள எடுத்த வயசுல இன்னா சத்தம் வுட்டுகினு இருக்கீங்க?"

ஒரு கரண்டி சாம்பார் அவர் சட்டையில் சிந்தியது. கை தவறிவிட்டது என்று சந்திரா பிற்பாடு சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை.

சந்திராவின் அக்கா வீடு வைத்திலிங்கம் குடியிருந்த அதே தெருவில் இருந்தது. ஷிப்ட் முடிந்து அவர் வண்டியை எடுப்பதற்குள் செய்தி அவர் வீட்டுக்குப் போய், தெருமுனை வரை உலாத்திவிட்டு வந்திருந்தது.

பொழுது சாயும்போது வடக்குத்தில் குமரவேலுவின் வாசலில் வந்து நின்றார். சட்டையில் சாம்பார்க் கறை அப்படியே இருந்தது.

"குமரவேலு, கஸ்தூரி எனக்குச் சோறு போட மாட்டேங்குறாய்யா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீ வந்து அது ரங்கூன் வழக்கம்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு. இன்சார்ஜ் பேரு உன்னோடதுதான், நாளைக்கே சொல்லிடறேன்."

மலர்விழி உள்ளேயிருந்து ஜாடை காட்டினாள். குமரவேலு அவர் வண்டியில் ஏறினான்.

வைத்திலிங்கத்தின் மனைவி கஸ்தூரியம்மாள் ஹாலில் தயாராகத்தான் இருந்தாள். முருகன் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க தம்பி. இவரு பேச்ச நான் கணக்குலயே எடுத்துக்கறதில்ல. நீங்க சொல்லுங்க, நம்பறேன். ரங்கூன் டீக்கடையில அப்படித்தான் கூப்புடறாங்களா?"

"ஆமாங்கம்மா."

"நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"அது வந்துங்க..."

"பாத்திருந்தா இந்தக் கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

குமரவேலு வைத்திலிங்கத்தைப் பார்த்தான். அவர் கண்ணாலேயே கெஞ்சினார். கையை நீட்டினான். பகல் ஷிப்ட், மாவிளக்கு, மலர்விழியின் ஜாடை எல்லாம் ஒரு பக்கம். படத்தில் முருகன் ஒரு பக்கம். சொல்லப்போவது என்னவோ உண்மைதான், ஆனால் அதைப் பார்த்தது கண் இல்லையே, போன்தானே! கற்பூரத்துக்கு மேலே போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவனால் முடியவில்லை.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க! நான் எந்த டீக்கடைக்கும் போகலைங்க. செருப்பத் தொலைச்சுட்டு, பயந்துபோயி ரூம்லயே கெடந்துட்டு வந்துட்டேங்க. சார்கிட்ட சொன்னதெல்லாம் போன்ல பாத்துச் சொன்னது. வழக்கம் நெசம்தாங்க, நான்தான் பாக்கல. பனங்கிழங்கு சூப்பு மட்டும் நானே கட்டிவுட்டதுங்க."

வைத்திலிங்கம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"சூப்புகூடப் பொய்யாய்யா?" என்றார், சொத்தையே பறிகொடுத்தவரைப்போல.

இன்சார்ஜ் பதவி காற்றில் பறந்து போவது குமரவேலுவின் கண்ணுக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். கஸ்தூரியம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், அவனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்குது போங்க! போன வருசம் இவரு போயி ரூம்பு கதவையே தொறக்காம திரும்பி வந்தாரு. நீங்களாவது ஊரச் சுத்திப் பாத்துட்டு வந்து இவருக்குச் சொல்லுவீங்கன்னுதானே தம்பி, இந்த வருசம் உங்க பேர எழுதிக் குடுத்தாரு!"