தெசாங்கா வீட்டுப் பீட்ரூட்டும் தரைத்தளத்துப் பேயும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் லெஸ்கோவாட்ஸ் நகரத்துத் தேவாலயத்தில் பாதிரியாரும் மெழுகுவத்தி விற்பவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பக்தகோடிகள் எல்லாம் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் நின்றார்கள். வரிசையின் வால் தரைத்தளத்தில், தலை நான்காம் மாடியில். தலைக்கு முன்னால், கட்டடத் தலைவி தெசாங்காவின் சமையலறையில், புரொபசர் குவோஸ்தன் கோப்பை பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தக் கல்லூரியில் புரொபசர் என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். அன்று மதியம் என் மனைவி ஸ்தானா எனக்குச் சூப் ஊற்றவில்லை.

காப்பியைத் தூளோடு கொதிக்கவைத்துக் குடிப்பவர்கள் நாங்கள். குடித்து முடித்ததும் கோப்பையைத் தட்டில் கவிழ்ப்போம். மண்டி வழிந்து காய்ந்த கோடுகளில் ஒருத்திக்குப் பறவை தெரியும், இன்னொருத்திக்குப் பாதை தெரியும், சிரித்துவிட்டு எழுந்துபோவார்கள். இந்தப் பொழுதுபோக்கைத்தான் குவோஸ்தன் தொழிலாக்கினார். வெல்வெட் கோட்டு, விரலுக்கொரு மோதிரம், தொண்டைக்குள்ளிருந்து வரும் குரல். புரொபசர் ஆகிவிட்டார். முன்பு வீடு வீடாகப் பிரஷர் குக்கர் விற்றவர் என்று எனக்குத் தெரியும். அந்தக் குக்கரில் ஒன்று எங்கள் வீட்டிலும் வெடித்திருக்கிறது.

கோப்பையைப் பார்த்துச் சொன்னதோடு அவர் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. போகிற போக்கில் ஒரு பரிகாரமும் சொன்னார்.

"மண்டியைக் குப்பையில போட்டீங்கன்னா உங்க விதியும் குப்பைக்குத்தான் போகும். பூந்தொட்டியில போட்டா மண்ணுக்குள்ள போகும், அது சாவுக்குச் சமம். ஓடுற தண்ணியிலதான் விடணும். விதி குழாயில உரசாம வழுக்கிட்டுப் போகணும்னா, ஒரு கரண்டி சூடான பன்றிக்கொழுப்பையும் சேர்த்து ஊத்துங்க."

"ஒரு கரண்டி போதுமா புரொபசர்?" என்று கேட்டவள் வேறு யாருமல்ல, என் ஸ்தானாதான்.

"விதி பெருசா இருந்தா ரெண்டு கரண்டி."

தன் விதி சின்னது என்று எந்த வீட்டில் ஒத்துக்கொள்வார்கள்?

அதுவோ நவம்பர் கடைசி. ஊரெல்லாம் பன்றி வெட்டிக் கொழுப்பு உருக்கும் காலம். ஒவ்வொரு வீட்டிலும் வாளி நிறையக் கொழுப்பு. அதுவரை காப்பி மண்டியைத் தின்று செழித்த ஜன்னலோர ஜெரேனியச் செடிகள் பட்டினி கிடந்தன. சிங்க்குகள் விருந்து சாப்பிட்டன. நான்கு மாடிச் சிங்க்குகளின் விருந்தும் ஒரே குழாயில் இறங்கி, அடித்தளத்துக் குளிரில் போய் உறைந்தது. இதைச் சொல்ல ஜோசியர் வேண்டாம். சமையலறையில் ஆறிப்போன வாணலியைக் கழுவிய யாரும் சொல்லலாம். ஆனால் வாணலி கழுவுகிற நேரத்தில் யோசிப்பதற்கு யார் இருந்தார்கள்?

சில நாளில் குழாய்கள் பேச ஆரம்பித்தன. ராத்திரி பகல் என்றில்லாமல் கொளக், கொளக்.

"பேசுது," என்றார் குவோஸ்தன், சுவரில் காதை வைத்து. "கட்டடத்துக்குள்ள ஒரு கெட்ட கண்ணு புகுந்திருக்கு. அது எங்க இருக்குன்னு அதுவே காட்டும்."

காட்டியது. தரைத்தளத்தில், நெவேனா வீட்டுச் சிங்க்கில் கறுப்புத் தண்ணீர் பொங்கி மேலே வந்தது.

நெவேனா முடிதிருத்தும் நிலையம் வைத்திருப்பவள். கணவனை விட்டுப் பிரிந்து வந்து, வாடகைக்குத் தனியாக இருந்தாள். வீட்டுக்காரர் வியன்னாவில். புரொபசரிடம் ஒரு தடவைகூடப் போகாதவள். படபடப்புக்காக வைத்தியர் நிறுத்தச் சொன்னதால் காப்பியே குடிக்காதவள். இத்தனை குற்றம் ஒருத்தி மேல் இருந்தால் பேய் வேறு எங்கே போய்க் குடியிருக்கும்?

உதவிக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்து அவள் கதவைத் திறந்துவிட்டாள். குவோஸ்தன் சிங்க்குக்கு அடியில் குனிந்தார். அங்கே வளைந்து போகிற குழாயின் மூட்டில் ஒரு சிவப்பு நூலை இறுக்கிக் கட்டினார்.

"இந்த நூலை யாரும் அறுக்கக் கூடாது. இரும்புக் கருவி இந்தக் குழாயில படக் கூடாது. பட்டா ஒரு வருஷத்துக்குள்ள இந்தக் கட்டடத்துல சாவு விழும்."

கவனித்தீர்களா? அடைப்பைத் திறந்து பார்க்கிற இடத்துக்கே பூட்டுப் போட்டாயிற்று. சாவிக்குப் பதில் சாவைக் காட்டியாயிற்று. ப்ளம்பரைக் கூப்பிடலாம் என்று நான் சொன்னதற்குக் கட்டடத் தலைவி தெசாங்கா என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிறு படிக்கட்டிலேயே குடியிருப்போர் கூட்டம் நடந்தது. குவோஸ்தன் தீர்ப்புச் சொன்னார்: "ஆள் போனாத்தான் தண்ணி வெளுக்கும்."

தெசாங்கா தொண்டையைச் செருமினாள். "நெவேனா, தப்பா நினைக்காதம்மா. உன் மேல எங்களுக்கு ஒண்ணும் கோபமில்ல. வியன்னாவுக்குப் பேசி வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடலாம்னு இருக்கோம். கிறிஸ்துமஸுக்குள்ள நீ வேற வீடு பார்த்துக்க."

"என் சிங்க்ல இருந்து வந்ததை நீங்களா அள்ளிக் கொட்டுனீங்க? நான்தானே தினமும் முழங்கை வரைக்கும் கையை விட்டு அள்ளிட்டு இருக்கேன்?"

"அதான்மா சொல்றேன், உனக்கும் கஷ்டந்தானே."

இப்படியும் ஒரு இரக்கம் உலகத்தில் உண்டு. இது அநியாயம் என்றேன். என் பக்கத்தில் இரண்டு தலைகள்கூட ஆடவில்லை. மற்றத் தலைகள் எல்லாம் தெசாங்கா பக்கமே ஆடின.

நெவேனா அழவில்லை. "ஒரு வாரம் பொறுங்க. அடுத்த ஞாயிறு எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க. புரொபசர் வந்து கடைசிப் பரிகாரம் பண்ணட்டும். அப்புறமும் நான்தான் காரணம்னு தெரிஞ்சா, நீங்க போன் பண்ண வேணாம், நானே பண்றேன்."

ஞாயிறும் வந்தது. சாதாரண விருந்துக்குக்கூட இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள். வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குள் நெருக்கியடித்து நின்றோம். புரொபசரின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. எல்லோருடைய விதியையும் தைக்கிறவருக்குத் தன் காலுறையைத் தைக்க நேரமில்லை.

"தெசாங்கா அக்கா," என்றாள் நெவேனா, "உங்க அடுப்புல இப்ப என்ன இருக்கு?"

"ஊறுகாய்க்குப் பீட்ரூட் வேக வெச்சேன். எதுக்கு?"

"மேல போய் அந்தத் தண்ணியை உங்க சிங்க்ல ஊத்திட்டு வாங்க. பானை முழுக்க. நான் இங்க குழாயைத் தொடல, பாருங்க, கையைக் கட்டிட்டு நிக்கிறேன்."

தெசாங்காவுக்கு முழங்கால் வலி. ஆனால் பேயை நேரில் பார்க்கப்போகிற ஆசை முழங்காலைவிடப் பெரிது. முனகிக்கொண்டே நான்கு மாடி ஏறிப் போனாள். நாங்கள் சிங்க்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொளக். கொளக். கொளகொளகொளக்.

வந்தது. ஆனால் கறுப்பாக இல்லை. சிவப்பாக.

"ரத்தம்!" என்று என் ஸ்தானா என் கையைப் பிடித்து நகத்தைப் பதித்தாள். யாரோ சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

குவோஸ்தன் ஒரு நொடியும் வீணாக்கவில்லை. மோதிரங்களை மேலே தூக்கினார். "பாருங்க! கெட்ட கண்ணு ரத்தம் கக்குது! என் நூலு அதைக் கழுத்தை நெரிக்குது!"

மூச்சு வாங்கிக்கொண்டே தெசாங்கா உள்ளே வந்தாள். சிங்க்கை எட்டிப் பார்த்தாள். "அட, இது என் பீட்ரூட் தண்ணி!"

குவோஸ்தன் மோதிரங்களை மெல்லக் கீழே இறக்கினார்.

"மேல ஊத்துனா கீழ வருது," என்றாள் நெவேனா. "இதுக்கு ஒரு பேய் தேவையா? நாலு வீட்டுத் தண்ணிக்கும் ஒரே குழாய். கீழ அடைச்சிருக்கு. முதல்ல கிடைக்கிற ஓட்டை என் சிங்க்கு. அவ்வளவுதான்."

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. குவோஸ்தன் பெருமூச்சு விட்டு, பாவம் சிறுபிள்ளை என்பது போல அவளைப் பார்த்தார். "தண்ணி உங்களுதுதான். அதை இங்க இழுக்கிறது யாரு? அந்தக் கண்ணுதானே?"

தலைகள் மறுபடி ஆடின! சத்தியமாகச் சொல்கிறேன், ஆடின. கண்ணெதிரே பீட்ரூட் மிதந்தாலும், காதில் விழுந்த பொய்யைத்தான் நம்புவேன் என்று அடம்பிடிக்கிற தலைகளை நான் அன்றைக்குத்தான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன்.

நெவேனா சிரித்தாள். "சரி புரொபசர். உங்க வித்தையிலேயே பார்த்துடலாம்." அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். தட்டில் கவிழ்த்த கோப்பை. "இந்தக் கட்டடத்துக் காப்பிதான். யார் வீட்டுதுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. இதுல கெட்ட கண்ணு இருந்தா நான் இன்னிக்கே பெட்டியைக் கட்டுறேன்."

கூட்டத்துக்கு முன்னால் கோப்பையை மறுக்க முடியுமா? குவோஸ்தன் அதை நிமிர்த்தினார். கண்ணை இடுக்கினார். தன் மேல்மாடி வாடிக்கையாளர் யாரோ ஒருவருடையது என்று கணக்குப் போட்டார் போல, முகம் கனிந்தது.

"ஆகா. நல்ல குடும்பம். இங்க பாருங்க, ஒரு வாசல். வாசல்ல பொண்ணு. கல்யாணம் வருது. வடக்க ஒரு பயணம். இந்தப் பக்கம் ஒரு பெரியவங்களோட ஆசீர்வாதம்."

"கெட்ட கண்ணு?"

"நிழல்கூட இல்ல. இந்த வருஷம் நான் பார்த்ததிலேயே சுத்தமான கோப்பை இதுதான்."

"உறுதியா?"

"என் அம்மா கல்லறை மேல ஆணையா."

"முகர்ந்து பாருங்க."

முகர்ந்தார். ஆசீர்வாதம் மூக்கில் ஏறியது போலிருக்கிறது. தாடியோடு முகம் சுருங்கியது.

"நேத்து சாயங்காலம் என் சிங்க்ல பொங்குனதை ஒரு கரண்டி அள்ளிக் கோப்பையில தடவிக் கவுத்து வெச்சேன்," என்றாள் நெவேனா. "பேயோட கக்கல். அதுல பொண்ணு நிக்கிறாளாம், கல்யாணம் நடக்குதாம். நான் காப்பி குடிக்கிறதில்லன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். அப்ப இது யாரு காப்பி?"

"பொய்! பொய்!" என்று கத்தினார் குவோஸ்தன். தொண்டைக்குள்ளிருந்து வந்த குரல் போய், குக்கர் விற்ற குரல் வந்துவிட்டது.

நெவேனா முடி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். முழங்காலிட்டு, சிங்க்குக்கு அடியில் வாளியை வைத்தாள். நறுக். சிவப்பு நூல் விழுந்தது. ஸ்தானா கண்ணை மூடிக்கொண்டாள். நெவேனா மூட்டைக் கையாலேயே திருகிக் கழற்றினாள். பீட்ரூட் தண்ணீர் பாதி வாளிக்கும் பாதி எங்கள் காலுறைகளுக்கும் போயிற்று. அதன் பின்னால் தொப்பென்று ஒன்று விழுந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, பன்றி ரத்தம் அடைத்த நல்ல சாசேஜ் பருமனில். காப்பி மண்டியும் பன்றிக்கொழுப்பும்.

யாரும் சாகவில்லை. வாடை மட்டும் கொஞ்சம் கொன்றது.

"இதாங்க உங்க விதி," என்றாள் நெவேனா. "என் கடையில தலை கழுவுற தொட்டிக்கு ஒரு சின்ன வலை போட்டிருக்கேன். முடி குழாய்க்குள்ள போகாது. தினமும் எடுத்துக் குப்பையில போடுறேன். ஒரு தடவைகூட அடைச்சதில்ல. நீங்க என்னடான்னா காசும் குடுத்து, கொழுப்பும் குடுத்து, குழாயை அடைச்சிட்டு, அதுக்கு என்னை வெளியே போகச் சொல்றீங்க."

பிறகு நிமிர்ந்து தெசாங்காவைப் பார்த்தாள். "போனை எடுங்கக்கா. வியன்னாவுக்குப் பேசுங்க. என்ன சொல்லப்போறீங்கன்னு நானும் கேக்குறேன்."

தெசாங்கா போனை ஏப்ரன் பைக்குள் ஆழமாகத் தள்ளினாள். முகம் பீட்ரூட் நிறம். புரொபசரைத் திட்டலாம் என்று எல்லோரும் திரும்பியபோது அவர் இல்லை. அவசரத்தில் என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய பளபளப்புக் காலணி வாசலிலேயே கிடந்தது. எனக்கு அது இரண்டு அளவு சின்னது.

மறுநாள் ப்ளம்பர் வந்தான். நீளமான சுருள் கம்பியை அடித்தளத்துக் குழாய்க்குள் விட்டுச் சுற்றினான். வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு, "இங்க என்ன, பன்றியோட சேர்த்துக் காப்பிக் கடையையும் உருக்குனீங்களா?" என்று கேட்டான். தெசாங்கா பேச்சை மாற்றினாள்.

நெவேனாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தலைகுனிவை எங்கள் ஊர்க்காரர்கள் வாயால் சொல்வதில்லை, பலகாரமாகச் செய்து அனுப்புவார்கள். அந்த வாரம் அவள் வாசலில் ஸ்ட்ரூடல் குவிந்தது. அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒரு புன்னகையைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது எல்லாச் சிங்க்கிலும் வலை இருக்கிறது. கொழுப்பு ஜாடியில் ஆறுகிறது, மண்டி பூந்தொட்டிக்குப் போகிறது, ஜெரேனியம் பிழைத்துக்கொண்டது.

கட்டடம் திருந்திவிட்டது என்று நானும் நம்பத் தொடங்கினேன். நேற்று படிக்கட்டில் ஸ்தானாவும் தெசாங்காவும் பேசிக்கொண்டதைக் கேட்கும் வரை.

"அந்த ஆளு போலின்னு எனக்கு முதல்லயே ஒரு இது இருந்துச்சு."

"எனக்குந்தான். நீஷ் ரோட்டுல ஒருத்தி இருக்காளாம், தெரியுமா? மொச்சைக்கொட்டையை உருட்டிப் பார்த்துச் சொல்றாளாம். அவ உண்மையானவ!"

"மொச்சையை என்ன பண்ணணுமாம்? சிங்க்ல போடணுமா?"

சிங்க்குக்கு வலை வாங்கிப் போட்டுவிட்டீர்கள், சந்தோஷம். கண்டதெல்லாம் உள்ளே போகிற ஓட்டை உங்கள் தலையிலும் இரண்டு பக்கம் இருக்கிறது. அதற்கு ஒரு வலை போடுங்கள். கடையில் கிடைக்காது. யோசித்தால் கிடைக்கும்.