கடைசிச் சரணத்தில் நான் இறந்துபோன விஷயமாக

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். நலம் விசாரித்த பிறகு எழுத வேண்டிய செய்தியை முதலிலேயே எழுதுவதற்கு மன்னிக்கவும். அண்ணன் படிக்கும் கல்லூரியில் சுமார் முந்நூறு பேர் எனக்காக எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்திருக்கிறார்கள். அதில் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை யாராவது இருந்து, செய்தி உங்கள் காதுக்கு எட்டி, நீங்களும் அத்தையும் அழுதுகொண்டே பஸ் ஏறிவிடக் கூடாதே என்றுதான் இந்த அவசரம். அம்மாவும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவுக்கு இந்த மாதமும் காலை பஸ் டியூட்டிதான். அத்தையும் குழந்தைகளும் நலம் என்று நம்புகிறேன். மற்றபடி இது கோள் மூட்டுவதற்காகவே எழுதும் கடிதம். அண்ணன் பள்ளிப் படிப்பு முடித்தபோது நீங்கள் வாங்கிக் கொடுத்த கிட்டாரை நீங்களே திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காரணங்களைக் கீழே எழுதுகிறேன்.

அண்ணன் இப்போது வெறும் மாணவன் இல்லை, இசைக்குழுவில் இருக்கும் அரசியல் மாணவன். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே செய்தித்தாளைப் பிரித்து ஒவ்வொரு பக்கத்தோடும் சண்டை போடுகிறான், விளையாட்டுப் பக்கத்தோடுகூட. பிறகு குளிக்கப் போனால் வாளித் தண்ணீர் தீர்ந்தாலும் பாட்டு தீராது. வெளியே அப்பா துண்டும் தோளுமாகக் காத்திருப்பார். சட்டைக்கு இஸ்திரி போடக் கூடாது என்று ஒரு கொள்கை. ஒரு மனிதன் விறைப்பாக நடப்பதற்காக இன்னொரு மனிதன் வேகக் கூடாதாம். நான் வேலை செய்யும் தையல் கூடத்தில் இஸ்திரி போடும் அக்காவிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் உங்கண்ணன் மாதிரி நெனச்சா, உடம்பு வேகாது, வயிறு காயும்னு சொல்லு" என்றார். அண்ணனிடம் வந்து சொன்னேன். நல்ல வரி என்று நோட்டில் எழுதிக்கொண்டான். நம் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் இப்படித்தான், வார்த்தை பாட்டுக்குப் போய்விடுகிறது. ஆணும் பெண்ணும் சமம் என்று மூன்று நாள் தன் தட்டைத் தானே கழுவினான். கழுவிக்கொண்டே சமத்துவத்தை அம்மாவுக்கு விளக்கினான். நாலாம் நாள் அம்மாவே தட்டைப் பிடுங்கிக்கொண்டு, "நீ போப்பா, கழுவறதுகூட கஷ்டமில்ல, கேக்கறதுதான் முடியல" என்றாள்.

புதனும் ஞாயிறும் சாயங்காலம் நம் வீட்டு முன்னறையில் ஒத்திகை. மொத்தம் நாலு பேர். அண்ணன் கிட்டார். டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு டிரம்ஸ் என்றே பெயர். அதை மூன்றாவது மாடிக்குத் தூக்கி வர முடியாததால் அப்பாவின் சூட்கேஸைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கிறான். கீபோர்டு ஒரு சாது. நாலாவது ஆள் பாடுகிறவள், பல் டாக்டர் மகள். அவளுக்குப் பெயர் இருக்கிறது, நான் எழுத மாட்டேன். இந்தக் குழுவில் தலைவர் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு. ஜன்னலைத் திறக்கலாமா என்பதற்குக்கூடக் கை தூக்குகிறார்கள். கீபோர்டு மட்டும் எல்லாத் தீர்மானத்திலும் நடுநிலை. ஜன்னல் பாதி திறந்தால் அவனுக்குத் திருப்தி. என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டு மட்டும் கிடையாது. நான் உறுப்பினர் இல்லையாம், வீட்டு ஆளாம்.

பல் டாக்டர் மகளைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகப் பாடுகிறாள், அதுதான் குறை. அவள் வந்தால் அம்மா மெத்தை போட்ட நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். "என்னம்மா இப்படி இளைச்சுட்டே" என்கிறாள். அதே மாதத்தில் நானும்தான் இளைத்தேன்; எனக்கு என் துணியைப் பிடித்துத் தைத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு. அண்ணன் அவளைத் தோழர் என்று கூப்பிடுகிறான். என்னை ஏய் என்று கூப்பிடுகிறான். அதுகூடப் பழகிவிட்டது, மாமா. முன்பெல்லாம் புதிதாக ஒரு மெட்டுப் போட்டால் முதலில் என்னிடம்தான் வாசித்துக் காட்டுவான். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். என் கால் ஆடுகிறதா என்று பார்ப்பான். ஆடினால் மெட்டை வைத்துக்கொள்வான், ஆடாவிட்டால் விட்டுவிடுவான். இப்போது அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுகிறான். அவள் வாயைத் திறந்து கருத்துச் சொல்கிறாள். என் கால் சும்மா இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றது உங்களுக்குத் தெரியும். படிப்பு வராமல் இல்லை. எழுந்து நின்றால் குரல் வராது. பேர் கூப்பிடும்போது பதில் சொல்லாமல், பாதி நாள் முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆனேன். இப்போது பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகளுக்குப் பாக்கெட் தைக்கிறேன். அங்கே யாரும் என்னை எழுந்து பேசச் சொல்வதில்லை. இப்படி ஒரு ஆள் வீட்டிலேயே இருப்பது போன மாதம் குழுவுக்கு ஞாபகம் வந்து, தையல் வேலை செய்யும் பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு என்று தீர்மானம் போட்டார்கள். என்னை நடுவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் அண்ணனே பதில் சொன்னான். அவன் தையல் கூடத்துக்குள் ஒரு நாள்கூட வந்தவன் இல்லை. பாட்டு இப்படி வந்தது:

ஊசி முனையில் என் உதிரம் சொட்டுது
ஒழுகும் குடிசையில் விளக்கும் அணையுது

ஒன்றரை வருடத்தில் என் விரலில் ஊசி ஏறியது ஒரே தடவை, அதுவும் இஸ்திரி அக்கா சொன்ன கதைக்குச் சிரித்ததால். நாம் இருப்பது மூன்றாவது மாடி, ஒழுகினால் நாலாவது மாடிதான் ஒழுக வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசிச் சரணத்தில் அந்தப் பெண் என்ன ஆகிறாள் என்று பேச்சு வந்தது. சாக வேண்டும் என்று டிரம்ஸ் சொன்னான். பல் டாக்டர் மகள் கை தூக்கினாள். கீபோர்டு நடுநிலை. மாமா, சொந்த அண்ணனும் கை தூக்கினான். நான் பேனாவோடு அவனைப் பார்த்தேன். "நீ செத்தாதான் ஜனங்களுக்குக் கோபம் வரும், புரிஞ்சுக்கோ" என்றான். "தீர்மானம் நாற்பத்தொன்று: கடைசிச் சரணத்தில் பெண் இறப்பது. நிறைவேறியது" என்று என் கையாலேயே எழுதினேன், அழகான கையெழுத்தில்.

கல்லூரி நூலகத்தை ஐந்து மணிக்கே பூட்டுவதை எதிர்த்துப் போன வியாழக்கிழமை மைதானத்தில் கூட்டம். நானும் அம்மாவும் போனோம். பல் டாக்டர் மகள் என் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேடை ஏறி, "நான்" "நான்" என்று பாடினாள். நான் வாழ்நாளில் பேசிய "நான்" எல்லாவற்றையும் கூட்டினாலும் அத்தனை வராது. கடைசிச் சரணத்தில் அவள் குரலை இறக்கியதும் மைதானமே மூக்கை உறிஞ்சியது. அம்மாவும் அழுதாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். ஒரு நிமிட மௌனம் என்று டிரம்ஸ் அறிவித்தான். எனக்காக நானும் தலை குனிந்து நின்றேன். முடிந்ததும் பக்கத்தில் நின்ற மாணவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"அந்தப் பொண்ணை உங்களுக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் பழக்கம்."

"எப்படிப்பட்ட பொண்ணு?"

"அவ்வளவா பேசாது" என்றேன்.

இத்தோடு விட்டிருக்கலாம். நூலகத்தைப் பற்றி வந்த கூட்டம் நூலகத்தை மறந்துவிட்டது. மறுநாள் காலையில் நாற்பது பேர் நீதி கேட்டு ஊர்வலமாக எங்கள் தையல் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். முன்னால் அட்டையைத் தூக்கிக்கொண்டு அண்ணன். அது நான் வேலை செய்யும் இடம் என்று அவனுக்குத் தெரியும். ஊர்வலத்தை நிறுத்த வழியில் ஓட்டெடுக்க முடியவில்லையாம். சூப்பர்வைசர் வெளியே போய், செத்தது யார், பேரைச் சொல்லுங்கள், ரெஜிஸ்டரில் பார்க்கிறேன் என்றார். பேர் இல்லை, அவள் ஒரு குறியீடு என்று பல் டாக்டர் மகள் ஒலிபெருக்கியில் சொன்னாள். சூப்பர்வைசர் உள்ளே வந்து எங்களைத் தலை எண்ணினார். இருபத்திரண்டு பேரும் இருந்தோம். நான் பாக்கெட்டுக் குவியலுக்குப் பின்னால் குனிந்திருந்ததால் இரண்டாம் தடவைதான் கணக்குச் சரியாக வந்தது. வெளியே கதை சொல்லி ஆள் கூட்டி வந்தது யார் என்று அவர் கேட்டார். எல்லாருடைய கண்ணும் இஸ்திரி அக்காவின் மேல் விழுந்தது, ஏனென்றால் அங்கே அதிகம் பேசுவது அவர்தான். "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றார் சூப்பர்வைசர். அதிகம் பேசும் அக்காவுக்கு அன்று பேச்சு வரவில்லை.

நான் எழுந்ததை நானே கவனிக்கவில்லை, மாமா. ஸ்டூல் பின்னால் விழுந்த சத்தத்தில்தான் தெரிந்தது. "செத்தது நான்தான் சார், அக்கா இல்ல" என்றேன். வெளியே ஊர்வலம் அடங்கியது. குரல் வந்ததே வந்தது, இன்னொரு வரியும் வந்தது. "இஸ்திரி மேஜை ஃபேன் நாலு மாசமா ஓடல, அக்கா ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாங்க, அதைக் கேக்க யாராவது சாகணுமா?" அவ்வளவுதான். பிறகு உட்காரப் போனேன். ஸ்டூல் இல்லை. தரையில் உட்கார்ந்தேன். மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்தார். சாயங்காலம் ஃபேன் ஓடியது. அக்கா வேலையில் இருக்கிறார். அண்ணன் வீட்டுக்கு வந்து, "நீ இப்படிப் பேசுவேன்னு தெரியாதே" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய நாள் திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

இன்று தெரிந்தது. நான் பேசிய அந்த இரண்டு வரிக்கும் அண்ணன் மெட்டுப் போட்டுவிட்டான். யாரிடம் முதலில் வாசித்துக் காட்டினான் என்று நினைக்கிறீர்கள்? "செத்தது நான்தான்" என்று அடுத்த கூட்டத்தில் அவள் பாடப் போகிறாள். பதினேழு வருடத்தில் என் வாயிலிருந்து ஊர் கேட்க வந்தது இரண்டே வரி. அதுவும் அவளுக்கா? வயிறு எரிகிறது, மாமா. ஆகவே தாங்கள் தயவுசெய்து உடனே அண்ணனுக்கு எழுதி, உங்கள் மகன் ஆசைப்படுகிறான் என்றோ வேறு ஏதாவது பொய் சொல்லியோ கிட்டாரை வாங்கிக்கொள்ளவும். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். நான் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று எப்போதும் வாழ்த்துவீர்கள், இந்த முறை அதைக் கொஞ்சம் அழுத்தி வாழ்த்தவும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும்
உங்கள் அக்கா மகள்

பி.கு.: நேற்றுத் தபால் தலை இல்லாததால் கடிதம் போகவில்லை. இன்று ஞாயிறு, ஒத்திகை. பல் டாக்டர் மகள் பாட ஆரம்பித்து முதல் வரியிலேயே நிறுத்திவிட்டாள். புழுக்கத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யாத நான் இதைப் பாடக் கூடாது, குழுவிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லி அழுதாள். அவள் விலகலை ஏற்பதா என்று ஓட்டு. டிரம்ஸ் ஏற்கலாம் என்றான். அண்ணன் கூடாது என்றான். கீபோர்டு நடுநிலை. ஒன்றுக்கு ஒன்று. அப்போது அண்ணன், வரியைச் சொன்னவள் வெறும் குறிப்பு எழுதுவது அநியாயம், அவளை உறுப்பினராக்க வேண்டும் என்றான். கீபோர்டுகூட முதல் தடவையாகக் கை தூக்கினான். ஆக, என் ஓட்டுதான் மிச்சம். மூன்று மாதமாக நான் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒரு கையைத் தூக்கினால் நடந்துவிடும், அவள் படி இறங்கிவிடுவாள். நான் தூக்கவில்லை, தீர்மானம் விழுந்தது. ஏன் என்று டிரம்ஸ் கேட்டான். அங்கே சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்: அவள் போய்விட்டால் இத்தனை பாக்கெட்டையும் நான் யாரை நினைத்துக்கொண்டு தைப்பது? கிட்டாரைக் கேட்க வேண்டாம். குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "விலகல் நிராகரிக்கப்பட்டது. காரணம் பதிவு செய்யப்படவில்லை."