ஐந்தாவது பலகை

"கத்தி பக்கத்துல கிடந்துச்சும்மா. அதான் ஆம்பளைன்னு போட்டேன்."

தொலைபேசியில் இதைச் சொல்லும்போதே பலகைக்காரருக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"எங்க வீட்லயும் கத்தி இருக்கு சார். காய் நறுக்கறது நான்தான்," என்றார் மறுமுனையில் ஆய்வகத்து எலும்பு டாக்டர் அம்மா. "இடுப்பெலும்பு பாத்தாச்சு, மரபணுவும் பாத்தாச்சு. ரெண்டு பேருமே பொம்பளைங்க."

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கம் எழுதி மாட்டுவது அவர் வேலை. மூன்றாம் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில், ஒரே குழியில் கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகளுக்குப் பதினெட்டு வருடம் முன்னால் அவர்தான் 'வீரனும் மனைவியும்' என்று எழுதினார். ஒன்றின் கை மற்றதன் தோள்மேல் கிடக்கும். புதுத் தம்பதிகள் அதே மாதிரி கைபோட்டு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவரும் பெருமையாக ஒதுங்கி நின்று இடம் கொடுப்பார். இப்போது அத்தனை தம்பதிகளும் ஞாபகத்துக்கு வந்து மானத்தை வாங்கினார்கள்.

மாலை ஐந்து மணிக்குப் புதுப்பித்த கூடத்தின் திறப்பு விழா. "ஆய்வகம் சரின்னு சொல்ற பலகைதான் சுவர்ல இருக்கணும்," என்று இயக்குநர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

போதாக்குறைக்கு மகளும் வருகிறாள், எட்டு வருடமாகத் தன்னோடு வாழும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு. 'இவளை யாருன்னு சொல்லப் போறீங்கப்பா?' என்று காலையில் செய்தி அனுப்பியிருந்தாள். அவர் பதில் போடவில்லை. அந்தப் பெண்ணின் வேலை என்ன என்றுகூட அவர் கேட்டதில்லை. மகள் பேச்செடுத்தாலே அவர் தொலைபேசியில் சிக்னல் போய்விடும். அக்கம்பக்கத்தார் விசாரித்தால், "அந்த ஊர்ல வீடு கிடைக்கறது குதிரைக்கொம்பு. இடம் பத்தாம ஒண்ணா இருக்காங்க," என்று சொல்லி நகர்ந்துவிடுவார்.

காவலாளி ஏணியோடு வந்து நின்றார். "என்ன சார் மாட்டணும்?"

"'தாயும் மகளும்.' பாக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்."

மாட்டிவிட்டு ஆய்வகத்துக்குச் சொன்னார்.

"ரெண்டு பேருக்கும் அஞ்சாறு வயசுதான் சார் வித்தியாசம். அஞ்சாறு வயசுக் குழந்தை பிள்ளை பெத்துக்க முடியாதே?"

மூன்றாவதாக 'அக்காவும் தங்கையும்' ஏறியது. இதற்குள் கல்லூரி மாணவிகள் பத்துப் பேர் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"ரத்த சம்பந்தமே இல்ல சார்," என்றார் எலும்பு டாக்டர்.

நான்காவது, 'ராணியும் பணிப்பெண்ணும்.'

"இதுல யார் சார் ராணி?" என்றார் ஏணி மேலிருந்து காவலாளி.

"கத்தி வெச்சிருக்கவங்க," என்றார் பலகைக்காரர். பட்டும் புத்தி வரவில்லை.

"ரெண்டு பேர் முதுகெலும்பும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு," என்றார் எலும்பு டாக்டர். "காலமெல்லாம் மண்ணு வெட்டினவங்க. பல வருஷம் ஒரே சாப்பாடு. எந்த ஊர் ராணி சார் மண்ணு வெட்டினா?"

மாணவிகளில் ஒருத்தி நோட்டில் இரண்டாவது முறையாக அடித்துவிட்டு, "சார், பரீட்சைல எதை எழுதறது?" என்றாள். பலகைக்காரருக்குக் கூசிப்போயிற்று.

எலும்பு டாக்டர் குரலைத் தணித்தார். "'சேர்ந்து வாழ்ந்த இரண்டு பெண்களாக இருக்கலாம்'னு எழுதுங்களேன் சார். அதுல தப்பே இல்ல."

"நாலு பேர் வர்ற இடம்மா இது..."

"அந்த நாலு பேரைத்தான் சார் நானும் ரொம்ப நாளா தேடறேன். ஒருத்தரும் கண்ணுல படல. சரி, சாயங்காலம் நேர்ல வரேன்."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டு யோசித்தார். யார் மனமும் நோகாமல், யாருக்கும் யாரும் எதுவும் ஆகாமல் ஒரு பலகை வேண்டும். நாலரை மணிக்கு ஐந்தாவது பலகை ஏறியது: 'இடப்பற்றாக்குறையால் ஒரே குழியில் புதைக்கப்பட்டவர்கள்.' இந்த வாக்கியம் தனக்கு எப்படி இவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். ஆய்வகத்தை இம்முறை கேட்கவில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எலும்பு டாக்டரே கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு சார். அந்தக் குழியை ரெண்டு தடவை தோண்டியிருக்காங்க, மண்ணு காட்டுது. ஒருத்தங்க போய்ச் சில வருஷம் கழிச்சுத்தான் இன்னொருத்தங்க போயிருக்காங்க. சுத்தி அத்தனை வெறும் நிலம் இருந்தும், அதே குழியைத் தேடித் திறந்து, பக்கத்துல படுக்க வெச்சு, கையை எடுத்துத் தோள்மேல போட்டிருக்காங்க. அந்த ஊருக்கு இவங்க யாருன்னு தெரிஞ்சிருக்கு சார்."

அந்த ஊர்க்காரர்களுக்கு இருந்த மனசு, பலகை எழுதிச் சம்பளம் வாங்கும் தனக்கு இல்லையே என்று பலகைக்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஓடிப்போய்ப் பலகையைக் கழற்றப் பார்த்தார். எட்டவில்லை. ஏணியைக் கொண்டுபோய் வைத்தாயிற்று. வாசலில் கைதட்டல் கேட்டது. வேறு வழி தெரியாமல் ஒரு நாற்காலியில் ஏறி, முதுகால் பலகையை மறைத்துக்கொண்டு நின்றார்.

காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சார், எலும்பு டாக்டர் அம்மா உங்க பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறாங்க. 'உள்ள அப்பா எங்களுக்கு எந்தப் பலகை மாட்டியிருக்காருன்னு பாத்து வந்து சொல்லுங்க, அப்புறம் வரோம்'கிறாங்க!"