சுத்த சைவ விளக்கு

மலைமேல் ஒரு தொழில் தொடங்க இடம், எந்திரம், ஆள், மின்சாரம் என்ற நான்கும் வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது என்ன தொழில் என்று ஓர் அதிகாரி ஒப்புக்கொள்ளவும் வேண்டும் என்பதை ஏற்காட்டு சாஜிதாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

சென்னைப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவள் அவள். ஏரிக்குப் பக்கத்தில், மூடிக்கிடந்த லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தாள். அடிவாரத்திலிருந்து வளைவுக்கு வளைவு லாரியை நிறுத்தி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல எந்திரங்களை மேலே கொண்டுவந்தாள். எமர்ஜென்சி விளக்குக்குள் இருக்குமே ஒரு சின்ன மின்சுற்றுப் பலகை, அதைச் செய்வதுதான் வேலை. பலகையில் ஈயப் பசை தடவ வேண்டும். எள்ளளவு பாகங்களை எந்திரம் பொறுக்கி அதன்மேல் வைக்கும். 'அவன்' என்கிற நீளமான மின்னடுப்புக்குள் பலகை ஊர்ந்துபோய் வெளியே வந்தால், பசை உருகி எல்லாம் ஒட்டியிருக்கும்.

கோயமுத்தூர் விளக்குக் கம்பெனி ஆர்டர் கொடுத்துவிட்டது. ஊரில் வேறு லாட்ஜுகளில் பார்த்த வேலையை உதறிவிட்டு சரஸ்வதியும் இன்னும் சில பெண்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பெரிய எந்திரங்களுக்கான கரண்ட் மட்டும்தான் வரவில்லை.

கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்ல தொழில் இலாகா ஆய்வாளர் பெரியண்ணன் எழுந்தருளினார். நேராகப் பிரிட்ஜிடம் போனார்.

"உள்ள என்னம்மா?"

"பேஸ்ட்டுங்க சார். குளிர்ல வெச்சாத்தான் கெடாதுங்க."

"கெடுமா?" பெரியண்ணனின் புருவம் ஏறியது. கெட்டுப்போகிற பொருள் உணவுப் பொருள் என்பது அவர் இலாகாவின் நெடுநாள் துணிபு. "இந்த நீளப் பெட்டி?"

"அவனுங்க. எரநூத்தி நாப்பது டிகிரி வரைக்கும் போகும்."

"எம் மச்சான் பேக்கரிலயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பேஸ்ட்டைத் தடவறீங்க, மேல பொடிப்பொடியா என்னமோ தூவறீங்க, அவன்ல உட்டு எடுக்கறீங்க. பேக்கரின்னு முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா?"

"ஐயோ சார், இது திங்கற பொருளே இல்லைங்க!"

"திங்க முடியுமா முடியாதாங்கறது தரத்தைப் பத்தின கேள்வி. அது வேற செக்‌ஷன்."

சாஜிதா விளக்குக் கம்பெனியின் ஆர்டர் காகிதத்தை எடுத்து நீட்டினாள். "எலக்ட்ரானிக்ஸ்னே எழுதிக்கோங்க சார்."

"எழுதலாம். ஆனா மலையில அதுக்கு கமிட்டி கூடோணும். கமிட்டிக்கு இப்பத் தலைவர் இல்லை. தலைவரைப் போடறதுக்குக் கமிட்டி கூடோணும்."

"பேக்கரின்னா?"

"நாளைக்கே கரண்ட்டு. டூரிசமாச்சேம்மா!"

அவள் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். லாட்ஜுக்கு மறுபடி போய் நிற்க ஒருத்திக்கும் முகமில்லை. சரஸ்வதி காதோடு சொன்னாள்: "பன்னுன்னே சொல்லிப்போடலாங்க்கா. பன்னு என்ன வந்து சாட்சியா சொல்லப் போவுது?"

மறுநாள் கரண்ட் வந்தது. முதல் பலகையை விளக்கில் மாட்டி சரஸ்வதி சுவிட்சைத் தட்டினாள். பளிச்சென்று எரிந்தது. சாஜிதா அழுதேவிட்டாள்.

கண்ணைத் துடைப்பதற்குள் உணவுத் தரம் பார்ப்பவர்கள் வந்து ஒரு பலகையை மாதிரிக்கு எடுத்துப் போனார்கள். முடிவும் முறைப்படி வந்தது: 'பூஞ்சை இல்லை. உப்பு குறைவு. மொறுமொறுப்பு திருப்திகரம். சைவப் பண்டமாதலால் பச்சைப் புள்ளி கட்டாயம்.'

பச்சைப் புள்ளியோடு பலகைகள் கோயமுத்தூர் போயின. கம்பெனியிலிருந்து போன் வந்தபோது, வசவு வாங்கத் தயாராகத்தான் எடுத்தாள்.

"மேடம், நொம்பப் பிரமாதமுங்க! அந்தப் புள்ளியை விளக்கு டப்பாவுலயும் போட்டுட்டோம். சுத்த சைவ விளக்கு, மலைக்காத்துல பதமாச் சுட்டதுன்னு விளம்பரம். சனம் அள்ளிக்கிட்டுப் போவுது!"

உண்மைதான். பூஜையறைக்கு அதுதான் உகந்தது என்றார்கள் சிலர். சாதா விளக்கு வெளிச்சத்தில் சாப்பிட்டால் வயிறு மந்தமாகிறது என்று வீடியோ போட்டார் ஒருவர். ஏரியில் படகு சவாரிக்கு வந்த கூட்டம் சாஜிதாவின் கண்ணாடிச் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு, அவனிலிருந்து பலகை வெளிவருவதைப் பார்த்து எச்சில் விழுங்கியது.

ஒரு நாள் பெரியண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "கமிட்டி கூடிருச்சும்மா! இனிமே நீங்க எலக்ட்ரானிக்ஸேதான்!"

சாஜிதா பதறிப்போனாள். "வேண்டாங்க சார். புள்ளியை எடுக்கச் சொல்லிருவாங்க. நாங்க பேக்கரியாவே இருந்துக்கறோம்."

"அதுதாம்மா பொழைக்கிற வழி!" என்று மெச்சிவிட்டு, வீட்டுக்கென்று இரண்டு விளக்கு வாங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் சேலத்து அம்மாள் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு விளக்கு. "கண்ணு, வாங்கின நாள்லருந்தே இது எரியவே இல்லை."

செல்போன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவளாயிற்றே, சாஜிதா பதைத்துப்போய்க் கை நீட்டினாள். "குடுங்கம்மா, இப்பவே பிரிச்சுப் பாத்துடறேன்."

அந்த அம்மாள் விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். "எரியாட்டிப் போவுது சாமி. இதுல முட்டை ஏதாச்சும் சேத்திருக்கா? அதை மட்டும் சொல்லு."

சாஜிதா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"ஒரு துளி இல்லைங்கம்மா," என்றாள். பத்து வருஷத் தொழிலில் அத்தனை உறுதியாக அவள் எந்தப் பலகைக்கும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.