மாட்டுக்கு வந்த இருமல்

சிங்கப்பூர், சிராங்கூன் ரோடு,
பிலவங்க வருஷம், ஆவணி மாதம்.

பினாங்கில் இருக்கும் மகாராஜராஜஸ்ரீ மச்சான் துரைசாமி அவர்களுக்கு, தண்ணீர் வண்டி மருதப்பன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை செல்லக்கண்ணுவும் மாடும் சுகம். மாட்டுக்குச் சுகமில்லை என்று சர்க்காரில் எழுதியிருக்கிறது. அதை நம்ப வேண்டாம்.

என் இழுப்பு நோய் தாங்கள் அறிந்ததுதான். மழை பிடித்தால் நெஞ்சுக்குள்ளே பூனை கத்தும். வயதும் அறுபதைத் தொட்டாயிற்று. இரண்டு நாள் படுத்துக்கொள்கிறேன் என்று கங்காணி கோவிந்தசாமியிடம் கேட்டால், "பெருசு, இருமுறதுன்னா வீட்டுலயே இருந்து இருமு. வண்டிக்கு வேற ஆள் போட்டுக்கிறேன்" என்கிறான். அதே கங்காணி, மாடு லேசாக நொண்டினால் பதறிப்போகிறான். நோயாளி மாட்டைப் பூட்டினால் போலீஸ் பிடித்து அபராதம் போடும் அல்லவா? மாட்டுக்குச் சட்டம் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், நிழலும் புல்லும் இருக்கின்றன. எனக்கு இருப்பது கங்காணி ஒருவன்தான். வேலை போனால் உங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார வேண்டியதுதான். தாங்கள் தாராளமாகத்தான் வரச் சொன்னீர்கள். ஆனால் மச்சான் வீட்டுச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்காது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இப்படி இருக்கையில், போன வாரம் கண்டாங் கெர்பாவ் பக்கம் வெள்ளைக்கார மாட்டு டாக்டர் வண்டிகளை நிறுத்திச் சோதித்தார். எனக்கோ இருமல் முட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் கங்காணி நிற்கிறான். நான் என்ன செய்வேன்? மாட்டுக்குப் பின்னால் குனிந்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து இருமித் தீர்த்துவிட்டேன். "யார் இருமியது?" என்று டாக்டர் மலாயில் கேட்டார். "மாடுதான் துவான்" என்றேன். மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது. டாக்டரும் பார்த்தார். பிறகு மாட்டின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, ஒரு வாரம் ஓய்வு, ஒரு சீசா மருந்து என்று உத்தரவு போட்டுவிட்டார். இந்த மாடு என்னைத் தவிர யார் கிட்டே போனாலும் உதைக்கும். ஆகையால் அதைப் பார்த்துக்கொள்ள நானும் கொட்டகையிலேயே இருக்கிறேன், முழுச் சம்பளத்தோடு! புல்லை மாடு தின்கிறது, மருந்தை நான் குடிக்கிறேன்.

"மாட்டு மருந்தைக் குடிச்சுக் கொம்பு முளைச்சா என்னா பண்றது?" என்று செல்லக்கண்ணு தினமும் என் தலையைத் தடவிப் பார்க்கிறாள். கொம்பும் இல்லை, இழுப்பும் இல்லை. அவ்வளவு படித்த டாக்டரை இந்த ஊரில் ஏமாற்றியவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

சும்மா படுத்திருப்பதில் ஒரே ஒரு கஷ்டம், வாய்க்கு வேலை இல்லை. ஆகையால் அங்கிருந்து கப்பல் ஏறுகிறவர் யாரிடமாவது நல்ல சுருட்டாக ஒரு கட்டு கொடுத்தனுப்பவும். அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். மாடும் தன் பங்குக்குத் தலையாட்டுகிறது.

இப்படிக்கு,
மருதப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். மாட்டின் பக்கமே போகவில்லை. நேரே வந்து என் நாடியைப் பிடித்தார், முதுகில் காதை வைத்தார், மேல்துண்டை முகர்ந்தார். "மாட்டுக்கு இன்னும் ஒரு வாரம் ஓய்வு. மனிதனுக்கு ஓய்வு கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது" என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று, "மாட்டைச் சுருட்டை நிறுத்தச் சொல்" என்றார். ஆகையால் சுருட்டு அனுப்ப வேண்டாம்.