எட்டு எழுத்து அலுவலர்கள்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையோரம் எழும்பியிருந்த மாபெரும் மாநாட்டு வளாகத்தில், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு மே மாதம், கம்பியில்லா முன்னேற்ற வாரியத்தின் முதலாவது மாநில மாநாடு நடைபெறும் என்று ஆணை வந்தது. மாநாட்டுக்கு வரும் இரண்டாயிரம் பேருக்கும் வைஃபை வழங்கப்படும் என்றும், அது என்ன என்பது உரிய காலத்தில் தெரிவிக்கப்படும் என்றும் அதே ஆணையில் கண்டிருந்தது.

அந்த வைஃபையை அமைத்துத் தரும் வேலை அஸ்தினாபுரம் முனீருக்குக் கிடைத்தது. அதுவரை தெருவில் அவருக்குப் பெயர் 'கம்ப்யூட்டர் ரிப்பேர் பாய்'. மறுநாளே 'வைஃபை பாய்' ஆகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து, மூட்டு வலிக்கு அது நல்லதா என்று விசாரித்தார்.

"கெடுதல் இல்ல" என்றார் முனீர்.

கூரையில் பன்னிரண்டு பெட்டிகளை மாட்டி முடித்துவிட்டு, பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று இணை இயக்குநர் குப்புராஜைக் கேட்டார். முனீர் செய்த ஒரே தவறு அதுதான்.

"பாஸ்வேர்டுங்கிறது ரகசியம்தானே?" என்றார் குப்புராஜ்.

"ஆமா சார்."

"ரகசியத்தை ஒருத்தர்கிட்ட குடுத்தா அவர் வெளியே சொல்லிடுவாரே?"

"யார்கிட்டயும் சொல்லாம எப்படி சார் கனெக்ட் பண்றது?"

"அது உங்க டெக்னிக்கல் பிரச்சினை."

மூன்று நாள் கூடி ஆலோசித்து வாரியம் ஒரு வழி கண்டது. பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்து, எட்டு அலுவலர், ஆளுக்கு ஓர் எழுத்து. ஒருவர் எழுத்து இன்னொருவருக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொருவராக அறைக்குள் வந்து தம் எழுத்தை அடித்துவிட்டுப் போனார்கள். அதுவரை முனீர் சுவரைப் பார்த்தபடி நின்றார். ஐந்தாம் எழுத்துக்கு உரியவர் மருத்துவ விடுப்பில் இருந்ததால், கண்காணிப்பாளர் ஜெயசீலி தம் எழுத்தோடு அதையும் கூடுதல் பொறுப்பாக ஏற்றார். அன்று முதல் ஒற்றை எழுத்துக்காரர்கள் அவரைக் கண்டால் எழுந்து நின்றார்கள். கடைசியில், பன்னிரண்டையும் கட்டுப்படுத்தும் தலைமைப் பெட்டியைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து முத்திரையிட்டார்கள். இனி முனீரே நினைத்தாலும் பாஸ்வேர்டை மாற்ற முடியாது.

மாண்புமிகு அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றியதும் அலுவலர்கள் மேடையில் வரிசையாக வந்து எழுத்துகளை அடிப்பார்கள். உடனே மாநிலம் முன்னேறும். நிகழ்ச்சி நிரல் இவ்வளவுதான்.

மாநாட்டு நாள் காலை பத்து மணிக்கு பிளஸ் டூ ரிசல்ட்டும் வெளியாகும் என்பதை யாரும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கவில்லை.

முனீரின் மகள் கைனாத் பரீட்சை எழுதியிருந்தாள். "நெட் சென்டர் கூட்டத்துல போய் நிக்காதேம்மா. அத்தா வைஃபைலயே பார்த்து, பத்தே காலுக்கு போன் பண்றேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

"மறந்துடாதீங்க அத்தா. போன் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்" என்றாள் அவள்.

வளாக வாசலில் எல்லாருடைய செல்போனையும் வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். செல்போன் அலையும் வைஃபை அலையும் காற்றில் மோதிக்கொண்டால் யார் பொறுப்பு என்று குப்புராஜ் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். யாரிடமும் பதில் இல்லாததால், அமைச்சர் வந்து போகும்வரை போன்கள் வாரியத்தின் பாதுகாப்பில் இருந்தன.

மணி பத்து. அமைச்சர் கேளம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் இருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டாயிரம் பேரும் 'வைஃபை வசதி உண்டு' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

முனீருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குப்புராஜைத் தேடிப் போனார். "சார், பொண்ணு ரிசல்ட். அஞ்சே நிமிஷம்..."

"நான் முதல் எழுத்து, முனீர். என்னாலயே எட்டாம் எழுத்தைக் கேட்க முடியாது. கேட்டா மெமோ."

"யார் சார் குடுப்பாங்க?"

"நான்தான்."

முனீர் தம் மேசைக்குத் திரும்பினார். சற்று நேரத்தில் ஜெயசீலி அங்கே வந்து, லேப்டாப் நன்றாக இருக்கிறதா என்று உடல்நலம் விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பாய், என் பையனும் எழுதியிருக்கான். என் ரெண்டு எழுத்தையும் உங்ககிட்ட மட்டும் சொல்றேன். மத்ததை எப்படியாவது பாருங்க."

அவர் நகர்ந்ததும் மூன்றாம் எழுத்து சாலமோன் வந்தார். அவருக்கு மகள். அப்புறம் ஏழாம் எழுத்து, இரண்டாம் எழுத்து. உலகத்திலேயே தாம் ஒருவர்தான் விதியை மீறுவதாக நம்பிக்கொண்டு ஒவ்வொருவரும் வியர்த்தபடி வந்து போனார்கள். கடைசியாகக் குப்புராஜ் வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"நான் சொல்லல. நீங்க கேக்கல. கே. பெரிய கே. குப்புராஜ்ல வர்ற கே."

அப்போதுதான் முனீருக்கு உறைத்தது. எல்லாரும் தத்தம் பெயரின் முதல் எழுத்தையே வைத்திருக்கிறார்கள். ஜெயசீலி இரண்டு முறை வைத்திருக்கிறார். மேடைக்குப் பின்னால் பதவி வரிசைப்படி பெயர்கள் போட்டுக் கட்டியிருந்த பேனரில், பாஸ்வேர்டு நாற்பது அடி அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்தே முக்காலுக்கு, வளாகத்தில் இருந்த ஒரே லேப்டாப்பில் இணைப்பு கிடைத்தது. கைனாத், ஆயிரத்து நாற்பத்திரண்டு. முனீருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கிருந்தாவது வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். அதற்குள் ஜெயசீலி தம் மகனின் நம்பரை நீட்டினார். அவருக்குப் பின்னால் சாலமோன். சாலமோனுக்குப் பின்னால் யார் யாரோ.

காலையில் டீ கேட்டதற்கு, "தீர்ந்துபோச்சு" என்று சொன்ன கேன்டீன்காரர், இப்போது கேட்காமலே பிஸ்கட்டோடு கொண்டுவந்து வைத்தார். துணைச் செயலாளர் ஒருவர் "முனீர் சார்" என்று கூப்பிட்டார். வரிசை நீண்டது. பதினொரு மணிக்கு முனீர், "துண்டுச் சீட்டு வேணாம், வெள்ளைத்தாள்ல எழுதுங்க" என்றார். பதினொன்றே காலுக்குத் தகப்பனார் பெயரும் கேட்டார்.

அப்போது வரிசையில் கன்னியம்மா வந்தார். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்தில் மீன் விற்பவர். வைஃபையால் பயனடைந்தவர் என்று மேடையில் காட்டுவதற்காக, வைஃபை வருவதற்கு முன்பே வேனில் கூட்டிவந்திருந்தார்கள்.

"பாய், இது எம் பொண்ணு நம்பரு. பாஸா ஃபெயிலா, அது மட்டும் சொல்லு."

"எழுதிக் கொண்டாங்கக்கா. பேரு, நம்பரு, எதுக்காகப் பாக்கணும்னு காரணம்."

"இன்னா காரணம்? நான் பெத்த பொண்ணு பாய்."

"அதத்தான் எழுதுங்க."

கன்னியம்மா அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். வரிசையை விட்டு விலகி வெளியே போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு அமைச்சர் வந்தார். விளக்கு எரிந்தது. அலுவலர்கள் வரிசையாக வந்து, ஏற்கெனவே இணைந்திருந்த வைஃபையை இணைத்தார்கள். பிறகு கன்னியம்மாவை மேடையேற்றி, என்ன பயன் அடைந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"எம் பொண்ணு பாஸாயிட்டா. ஆயிரத்து நூத்திப் பத்து!"

வளாகமே அதிர்ந்தது.

"எதிர்த்தாப்ல டீக்கடை போன்ல ஒத்த ரூபா போட்டு அவகிட்டயே கேட்டுக்கினேன். எங்கூரு நெட் சென்டர்ல..."

அதற்குள் மைக் குப்புராஜின் கைக்குப் போய்விட்டது. இது வைஃபையின் முதல் வெற்றி என்று அமைச்சர் அறிவித்தார். முனீரும் எழுந்து நின்று கைதட்டினார்.

கீழே இறங்கிய கன்னியம்மா அவர் மேசையருகே நின்றார். "ஒம் பொண்ணும் எழுதியிருக்காமே, அந்த ஜெயசீலி அம்மா சொல்லிச்சு. அதுக்கு சொல்லிட்டியா பாய்?"

முனீர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கைனாத்தை நினைத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இல்லக்கா... போனை வாங்கி வச்சுக்கிட்டாங்க..."

"அடப் பாவமே! புள்ள காத்துகினு கெடக்குமே!" கன்னியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய் நாணயத்தை அவர் கையில் திணித்தார். "டீக்கடை எதிர்லதான் கீது. ஓடு."

முனீர் எழுந்தார். எதிரே முப்பது பேர் வெள்ளைத்தாளோடு நின்றார்கள். வரிசையில் நாலாவதாக நின்ற துணைச் செயலாளரின் கண், முனீர் எழுந்ததால் காலியான நாற்காலியின் மேல் விழுந்தது.

முனீர் மெல்ல உட்கார்ந்தார். மனுக்கள் ஃபேன் காற்றில் பறந்துவிடாமல் அவற்றின் மேல் அந்த நாணயத்தை வைத்தார்.

"அடுத்தது யாரு?" என்றார்.