பத்து பத்தில் நின்ற பரிசு

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் இளைய மாப்பிள்ளை எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மகளும் சுகம். தாங்கள் அன்போடு கொடுத்த பழைய கைக்கடிகாரம் மட்டும் சுகமில்லை. அது யார், எந்தக் கம்பெனி, என்ன வயது என்று விசாரிக்கவே இக்கடிதம். போனில் கேட்டால் "காது சரியா கேக்கல" என்று அத்தையிடம் கொடுத்துவிடுவீர்கள்.

தாங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் வைத்து, மேலே அவரவர் பெயர்ச் சீட்டையும் ஒட்டி, "என் மனசுல யாருக்கு என்ன இடம்னு திறந்தா தெரியும் மாப்பிள்ளை" என்றீர்கள். திறந்தேன், தெரிந்துகொண்டேன். என் கடிகாரம் பத்து பத்தில் நிற்கிறது. சாவியை நாள் முழுக்கத் திருகலாம், நல்ல பொழுதுபோக்கு. சகலைக்கு, அதாவது ஏற்கெனவே நாலு கடிகாரம் வைத்திருக்கும் பல் டாக்டருக்கு, ஓடுகிற கடிகாரம். மூத்தவர் அல்லவா, ஓடட்டும்.

சரி, ஓடாவிட்டாலும் அபூர்வமாக இருக்கலாமே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். கிடங்கில் பதினெட்டு வருஷமாக என் வேலையே அதுதான். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் யார் செய்தது, எந்த வருஷம் என்று அட்டை எழுதி மாட்டுவேன். துருப்பிடித்த பம்புக்கே பூர்வீகம் கண்டுபிடித்தவன் நான். இந்தக் கடிகாரத்திலோ கம்பெனி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியும் பாதி எழுத்தும்தான் மிச்சம். வெங்காயம் நறுக்கும் கத்தியால் பின்மூடியை நெம்பினேன். மூடி பீரோவுக்கு அடியில் போய் விழுந்தது, கட்டைவிரலில் இரண்டு தையல். ஆனால் மூடியின் உள்பக்கம் 2716 என்று கீறியிருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடனே போட்டோ எடுத்து, பழைய கடிகாரப் பிரியர்கள் குழுவில் போட்டேன். ஒருத்தர் இது கப்பல் கேப்டன் கட்டியது என்றார். இன்னொருத்தர் நர்ஸ் கட்டியது என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர், உலகத்திலேயே மொத்தம் மூவாயிரம்தான் செய்தார்கள், அதில் இது 2716-வது என்றார். பிறகு மூவரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துப் பேசி, குழுவே இரண்டாக உடைந்தது. ஒற்றுமையாக அவர்கள் செய்த ஒரே காரியம், என்னை இரண்டிலிருந்தும் நீக்கியதுதான்.

மூவாயிரத்தில் ஒன்று என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் "மணி என்னப்பா?" என்றார். "பத்து பத்து சார்" என்றேன், பெருமையாக. அப்போது சாயங்காலம் நாலரை. இப்போது கிடங்கில் எனக்குப் பேரே பத்து பத்துதான். இதற்கிடையில் அபூர்வம் என்று கேள்விப்பட்ட சகலை போன் செய்து, "தம்பி, என்னோடது ஏதோ ஓடுது, அவ்வளவுதான். வேணும்னா மாத்திக்கலாமா?" என்றார். விடுவேனா? "மாமா தன் கையால குடுத்ததுண்ணே, உயிரே போனாலும் மாத்த மாட்டேன்" என்றேன்.

மறுநாளே ஒரு பெரிய கடிகாரக் கடைக்காரர் கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "டயல் ஒரு கம்பெனி, மெஷின் ஒரு கம்பெனி, முள்ளு ரெண்டும் ரெண்டு கம்பெனி. முழுசா ஒரே இடத்துல வந்தது அழுக்கு மட்டும்தான் சார்" என்றார். ஆக, தங்கள் மனசில் என் இடம் தெரிந்துவிட்டது. அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணுமா, குழாய் ஒழுகுதா, கூப்பிட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தாம வந்து நின்னது யாரு மாமா? பல் டாக்டரா? எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு, மறைக்கல.

அத்தைக்கு என் வணக்கங்கள். தங்கள் முழங்கால் வலி தீர்ந்து, தாங்கள் என் கடிகாரத்தைப் போல் இல்லாமல் பல்லாண்டு நடமாட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள இளைய மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால், தங்கள் பழைய வீட்டுத் தெருமுனை ரிப்பேர்க்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று போனேன். அவர் லென்ஸைக்கூட எடுக்கவில்லை. "2716 என் ரிப்பேர் ரசீது நம்பர் சார், நான்தான் கீறுனேன். போன மாசம் உங்க மாமனார் ரெண்டு வாட்ச் கொண்டுவந்தாரு. இதைச் சும்மா தொடைச்சுக் குடு, பெரிய மாப்பிள்ளைக்கு, அவரு எப்படியும் கட்டமாட்டாருன்னாரு. இன்னொண்ணு அவரே முப்பது வருஷம் வேலைக்குக் கட்டிட்டுப் போனது. அதுக்குப் புது ஸ்பிரிங் போடச் சொன்னாரு. சொன்ன நேரத்துக்கு வர்ற பிள்ளைக்குப்பான்னாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து தங்கள் மகளைக் கேட்டேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவேயில்லை. "அப்பா எப்பவும் அக்காவுக்குத்தான் நல்லதைக் குடுப்பாரு. அதான் பெட்டி மேல இருந்த பேர்ச் சீட்டை மாத்தி ஒட்டிட்டேன்" என்கிறாள். அன்று பெட்டியை வாங்கக் கிளம்பும்போது "எது கனமா இருக்குன்னு பாரு" என்று நான் அவள் காதில் சொன்னதும் உண்மைதான் மாமா. கடிதத்தைக் கிழிக்கப் போனால், "அப்படியே அனுப்புங்க, எங்கப்பாவை என்னென்ன நினைச்சீங்கன்னு அவருக்கும் தெரியட்டும்" என்கிறாள்.

சகலையிடம் நான் வாய் திறக்க முடியாது, உயிரையே பணயம் வைத்துவிட்டேன். அந்தக் கடிகாரத்தைத் தாங்கள்தான் எப்படியாவது கேட்டு வாங்கித் தர வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு நிமிஷம் பிந்தாமல் வந்து நிற்கிறேன். மணியை வழியில் யாரையாவது கேட்டுக்கொள்கிறேன்.